கிராஃபீன்ஓஎஸ்: கூகுளை வெளியே நிறுத்த கூகுள் போனே வேண்டும்

ஆண்ட்ராய்டின் திறந்த மூலநிரலை எடுத்து, அதிலிருந்து கூகுள் சேவைகளைக் கழற்றி வைத்துவிட்டு, பாதுகாப்பை இறுக்கிக் கட்டினால் கிடைக்கும் போன் இயங்குதளம்தான் கிராஃபீன்ஓஎஸ். காசு கிடையாது. கனடாவில் பதிவான லாபநோக்கற்ற அறக்கட்டளை நன்கொடையை நம்பி நடத்துகிறது. இது ஓடுவது கூகுளின் பிக்சல் போன்களில் மட்டும். கூகுளைத் தள்ளி வைக்க நினைப்பவர் முதலில் கூகுளுக்கே ஐம்பதாயிரம் ரூபாய் கட்ட வேண்டும் என்பதைக் கேட்டு சிரிப்பு வரலாம். ஆனால் அதற்குக் காரணம் இருக்கிறது.

போனோடு வந்ததை எடுத்துவிட்டு நாமே ஏற்றும் இயங்குதளத்துக்கு கஸ்டம் ரோம் என்று பெயர். போன் எழும்போது இயங்குதளத்தை ஏற்றும் நிரல் பூட்லோடர். மற்ற கஸ்டம் ரோம்களில் பெரும்பாலும் பூட்லோடரைத் திறந்தால் திறந்தபடியேதான் விட வேண்டியிருக்கும். போன் கையை விட்டுப் போனால், எடுத்தவர் சிஸ்டம் பகுதியில் தனக்கு வேண்டிய ஒன்றை எழுதிவிட முடியும். பிக்சலில் அப்படியில்லை. மென்பொருள் அசல்தானா என்று சரிபார்க்க உதவும் கையொப்பச் சாவியை, அது கூகுள் அல்லாத வேறொருவருடையதாக இருந்தாலும், போனுக்குள் பதித்து, அந்தச் சாவிக்குக் கீழேயே பூட்லோடரை மறுபடி பூட்டலாம். அதன்பின் ஒவ்வொரு முறை போன் எழும்போதும் கிராஃபீன்ஓஎஸ் கையொப்பம் சரியாக இருந்தால்தான் மேற்கொண்டு போகும். இதோடு டைட்டன் எம்2 பாதுகாப்புச் சில்லும், சில்லுகளுக்குள் ஓடும் மென்பொருளின் ஓட்டைகளை அடைக்கத் தவறாமல் வரும் ஃபர்ம்வேர் பேட்சும் சேர்கின்றன. இவை மூன்றும் ஒன்றாகக் கிடைக்கும் ஆண்ட்ராய்டு போன் வேறு அகப்படாததால்தான் இந்தக் குழு பிக்சலோடு நிற்கிறது.

தீர்ப்பை இங்கேயே சொல்லிவிடலாம். இயங்குதளமாகப் பார்த்தால் இதில் பெரிய குறை இல்லை. நிறுவுவது பலர் பயப்படும் அளவுக்குக் கடினமும் இல்லை. தகராறு முழுக்க வங்கி ஆப்பில். அதுவும் தொழில்நுட்பத் தகராறு அல்ல.

எந்த போன் வாங்குவது

பிக்சல் 8 வரிசைக்கு முந்தைய போனை இதற்கென்று புதிதாக வாங்க வேண்டாம். 6, 7 வரிசைகளுக்கு 5 ஆண்டுகள்தான் அப்டேட். 8-இலிருந்து 7 ஆண்டுகள். சில்லுக்கான ஃபர்ம்வேர் பேட்ச் கூகுளிடமிருந்துதான் வர வேண்டும். அது நின்றால் கிராஃபீன்ஓஎஸ் குழுவாலும் முழுப் பாதுகாப்பு தர முடியாது, அந்த மாடலைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடும். இரண்டாவது காரணம் மெமரி டேக்கிங். 8-இன் சில்லில் ஒவ்வொரு 16 பைட் நினைவகத் துண்டுக்கும் 4 பிட் அடையாளம் ஒன்று ஒட்டப்படுகிறது. விடுவித்துவிட்ட நினைவகத்தை ஓர் ஆப் மறுபடி தொட்டாலோ, எல்லை தாண்டி எழுதினாலோ அடையாளம் பொருந்தாது. சில்லே அந்த ஆப்பை நிறுத்திவிடும். போனை உளவு பார்க்கும் மென்பொருள்கள் நுழையும் ஓட்டைகளில் பெரும்பகுதி இந்த ரகம்தான். கிராஃபீன்ஓஎஸ் இதை இயங்குதளம் முழுக்க எப்போதும் இயக்கி வைத்திருக்கிறது.

காசுக்கேற்ற தேர்வு 'ஏ' வரிசை. 8ஏ இந்தியாவில் 2024 மே மாதம் ₹52,999-க்கும், 9ஏ 2025-இல் 256 ஜிபியோடு ₹49,999-க்கும் வந்தன. பயன்படுத்திய 8ஏ நல்ல நிலையில் கிடைத்தால் தயங்க வேண்டாம், 2031 மே வரை அப்டேட் உண்டு. 6ஏ மலிவாகக் கிடைக்கும், ஆனால் தொடாதீர்கள். சூடேறும் பிரச்சினையால் 400 சார்ஜ் சுழற்சிக்கு மேல் அதன் பேட்டரித் திறனைக் குறைக்கும் கட்டாய அப்டேட்டை 2025-இல் கூகுளே அனுப்பியது.

பழைய போனை சென்னை ரிச்சி தெருவில் வாங்கினாலும் சரி, ஆன்லைனில் வாங்கினாலும் சரி, காசு கொடுக்கும் முன் ஒன்றைப் பார்த்துவிட வேண்டும். செட்டிங்ஸில் 'அபௌட் போன்' போய் 'பில்ட் நம்பர்' மேல் ஏழு முறை தட்டுங்கள். பிறகு 'சிஸ்டம்', அதற்குள் 'டெவலப்பர் ஆப்ஷன்ஸ்', அதில் 'ஓஇஎம் அன்லாக்கிங்'. அந்தச் சுவிட்ச் மங்கலாக இருந்தால் வைஃபையில் இணைத்து ஒரு நிமிடம் பொறுத்துப் பாருங்கள், சில போன்கள் கூகுள் சர்வரைக் கேட்ட பிறகுதான் அதை இயக்க விடும். அப்போதும் மங்கலாகவே இருந்தால் போனைக் கீழே வைத்துவிட்டு வந்துவிடலாம். அமெரிக்காவில் வெரைசன் என்ற தொலைபேசி நிறுவனம் விற்ற பிக்சல்கள் இப்படித்தான் நிரந்தரமாகப் பூட்டப்பட்டவை. 'சிம் அன்லாக் ஆயிடுச்சு சார்' என்று விற்பவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். சிம் பூட்டு வேறு, பூட்லோடர் பூட்டு வேறு.

நிறுவுதல்

இதற்கு கமாண்ட் எதுவும் அடிக்க வேண்டியதில்லை. கிராஃபீன்ஓஎஸ் தளத்தில் வெப் இன்ஸ்டாலர் என்று ஒரு பக்கம் இருக்கிறது. பிரவுசரே யுஎஸ்பி வழியாகப் போனோடு பேசி வேலையை முடிக்கும். குரோம், எட்ஜ், பிரேவ் ஆகியவற்றில் நடக்கும். பிரேவில் ஷீல்டை அணைக்க வேண்டும். ஃபயர்ஃபாக்ஸ் உதவாது. இன்காக்னிட்டோ ஜன்னலில் திறந்தால் சேமிப்பிடம் போதாமல் பாதியில் நிற்கும். கணினியில் 2 ஜிபி நினைவகமும் 32 ஜிபி வட்டு இடமும் காலியாக இருக்கட்டும். கணினி இல்லாவிட்டால் இன்னொரு ஆண்ட்ராய்டு போனிலிருந்துகூடச் செய்யலாம்.

முதலில் போனை அப்டேட் செய்து முடியுங்கள். 'ஓஇஎம் அன்லாக்கிங்'கை இயக்குங்கள். போனை ரீஸ்டார்ட் செய்து, எழும்போது வால்யூம் டவுன் பொத்தானை அழுத்தியபடி இருந்தால் பெரிய சிவப்பு முக்கோணத்தோடு பூட்லோடர் திரை வரும். அந்த நிலையிலேயே கேபிளைச் செருகி, பக்கத்தில் 'அன்லாக் பூட்லோடர்' அழுத்துங்கள். போன் உறுதி கேட்கும். வால்யூம் பொத்தானால் தேர்வை மாற்றி பவர் பொத்தானால் ஒப்புக்கொள்ள வேண்டும். போனில் உள்ள அத்தனையும் இந்த இடத்தில் அழிந்துவிடும். பிறகு 'டவுன்லோட்', அடுத்து 'ஃபிளாஷ்'. போன் தானாகவே பலமுறை அணைந்து எழும். அந்த நேரத்தில் கை வைக்கக் கூடாது. கடைசியில் 'லாக் பூட்லோடர்', இங்கே இன்னொரு முறை எல்லாம் அழியும். முதல் அமைப்புத் திரைகளின் முடிவில் 'ஓஇஎம் அன்லாக்கிங்'கை அணைத்துவிடும் தேர்வு தயாராக இருக்கும். அதை அப்படியே விடுங்கள்.

பூட்டாமல் விட்டுவிடுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. போன் நன்றாகவே ஓடும், ஆனால் மேலே சொன்ன பாதுகாப்பு எதுவும் இருக்காது. பூட்டிய பிறகு ஒவ்வொரு முறை எழும்போதும் 'வேறொரு இயங்குதளம் ஏற்றப்படுகிறது' என்று மஞ்சள் எச்சரிக்கை வரும். பயப்பட ஒன்றுமில்லை, அது எப்போதும் அப்படித்தான். அந்தத் திரையில் தெரியும் கீ ஹேஷை, அதாவது சாவியின் சுருக்க அடையாளத்தை, தளத்தில் உங்கள் மாடலுக்குக் கொடுத்திருப்பதோடு ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். முக்கியமாக, பிறர் நிறுவித் தந்த போன் என்றால்.

நடுவில் நின்றுபோவதற்குப் பெரும்பாலும் போன் காரணமாக இருக்காது. யுஎஸ்பி ஹப்பில் செருகியிருப்பார்கள், அல்லது சார்ஜுக்கு மட்டும் ஆகும் மலிவு கேபிளாக இருக்கும். டெஸ்க்டாப் என்றால் பின்பக்கப் போர்ட்டில் நேரடியாகச் செருகுங்கள். விண்டோஸ் 10-இல் போன் பூட்லோடர் திரையில் இருக்கும்போதே விண்டோஸ் அப்டேட்டின் 'ஆப்ஷனல் அப்டேட்ஸ்' போய் டிரைவரை ஏற்ற வேண்டும். உபுண்டுவில் இரண்டு சங்கடங்கள். ஸ்னாப் வடிவில் வரும் குரோமியத்துக்கு யுஎஸ்பியைத் தொட முடியாது. எஃப்டபிள்யூஅப்டி (fwupd) என்ற சேவை, பூட்லோடரோடு பேசும் ஃபாஸ்ட்பூட் இணைப்பைத் தானே பிடித்துக்கொள்ளும். அந்தச் சேவையை நிறுத்திவிட்டு, யுஎஸ்பி சாதனத்தைத் தொட அனுமதி தரும் யுடெவ் (udev) விதிகள் அடங்கிய ஆண்ட்ராய்டு பொதியை நிறுவிய பின் தொடங்குங்கள்.

உள்ளே

திரை வெறிச்சென்று இருக்கும். பிரவுசர், கேமரா, பிடிஎஃப் பார்வை, அழைப்பு, குறுஞ்செய்தி போன்ற சில அடிப்படை ஆப்கள், அவ்வளவுதான். கூகுள் பிளே வேண்டுமென்றால் கிராஃபீன்ஓஎஸ்ஸின் சொந்த ஆப் ஸ்டோரிலிருந்து ஏற்றிக்கொள்ளலாம். இந்த இயங்குதளத்தின் தனித்திறமையே இங்குதான் தெரிகிறது. நோட்டிஃபிகேஷன் போன்றவற்றுக்கு ஆப்கள் நம்பியிருக்கும் கூகுள் மென்பொருள் பிளே சர்வீசஸ். சாதாரண ஆண்ட்ராய்டில் அது சிஸ்டத்தின் ஓர் அங்கம். கேட்காமலே எல்லா அனுமதியும் அதற்கு உண்டு. இங்கே அது டார்ச் ஆப்பைப் போல ஒரு சாதாரண ஆப். தொடர்புகள், இருப்பிடம், மைக் எதுவானாலும் நீங்கள் கொடுத்தால்தான் கிடைக்கும். பிளே சர்வீசஸ் இருப்பதாக நினைத்து இயங்கும் ஆப்களில் மிகப் பெரும்பாலானவை இதன் மேலும் ஒழுங்காக ஓடுகின்றன. பிளே சர்வீசஸின் பேட்டரி அமைப்பை மட்டும் 'அன்ரெஸ்ட்ரிக்டட்' ஆக்குங்கள். செய்யாவிட்டால் நோட்டிஃபிகேஷன் தாமதமாக வரும். பழி வாட்ஸ்அப் மேல் விழும்.

கூகுள் சார்ந்தவற்றை எல்லாம் 'பிரைவேட் ஸ்பேஸ்' ஒன்றுக்குள் போட்டு வைப்பது நல்ல ஏற்பாடு. வேண்டும்போது திறந்து, வேலை முடிந்ததும் பூட்டிவிட்டால் உள்ளே இருப்பது எதுவும் ஓடாது. ஒவ்வொரு ஆப்புக்கும் 'நெட்வொர்க்', 'சென்சார்ஸ்' என்று கூடுதலாக இரண்டு அனுமதிகள் உண்டு. காலண்டருக்கும் கால்குலேட்டருக்கும் இணையம் எதற்கு? மறுத்துவிடுங்கள். தொடர்புப் பட்டியல் முழுவதையும் கேட்டு அடம்பிடிக்கும் ஆப்புக்கு 'கான்டாக்ட் ஸ்கோப்ஸ்' மூலம் இரண்டு பேரை மட்டும் காட்டலாம். ஆப்புக்குத் தெரிவது அந்த இருவர்தான், அனுமதி கிடைத்ததாகவே அது நினைத்துக்கொள்ளும்.

போன் தொடர்ந்து 18 மணி நேரம் திறக்கப்படாமல் கிடந்தால் தானாக ரீஸ்டார்ட் ஆகி, தரவு முழுவதும் குறியாக்க நிலைக்குத் திரும்பிவிடும். பூட்டியிருக்கும்போது யுஎஸ்பி துளை சார்ஜுக்கு மட்டும்தான். மிரட்டித் திறக்கச் சொன்னால் கொடுப்பதற்கென்று தனி ரகசிய எண் (PIN) ஒன்றும் வைக்கலாம். அதை அடித்த நொடியில் போனோடு இ-சிம்மும் சேர்ந்து அழிந்துவிடும். குழந்தைகள் கைக்குப் போன் போகும் வீட்டில் அந்த எண்ணை 1234 என்று வைக்க வேண்டாம்.

தமிழில் தட்டச்சு செய்பவர்களுக்கு: கூடவே வரும் விசைப்பலகையில் 'வணக்கம்' என்பதை ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக்கும் வசதி இல்லை. திறந்த மூல இண்டிக் கீபோர்டில் அதுவும் உண்டு, தமிழ் 99-உம் உண்டு. ஜிபோர்டுதான் பழகிய கை என்றால் அதையே ஏற்றி, தமிழ் மொழியை இறக்கிக்கொண்ட பின் நெட்வொர்க் அனுமதியைப் பறித்துவிடலாம். அடிப்பதை அதனால் நேரடியாக இணையத்துக்கு அனுப்ப முடியாது. பிக்சல் கேமரா ஆப்பையும் இதே முறையில் பிளே ஸ்டோரிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். கூடவே வரும் கேமரா மோசமில்லை, ஆனால் இரவுப் படங்களில் வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

உடையக்கூடியவை சில. திறந்த உடனே மூடிக்கொள்ளும் ஆப்பைப் பார்த்தால் 'ஆப் இன்ஃபோ'வில் 'எக்ஸ்பிளாய்ட் புரொடெக்ஷன் கம்பாட்டிபிலிட்டி மோட்' இயக்கிப் பாருங்கள். ஆப்பின் நினைவகப் பிழை மற்ற போன்களில் மறைந்திருந்து இங்கே கூடுதல் நினைவகப் பாதுகாப்பில் மாட்டியிருக்கும். கேம்களில் இது அடிக்கடி. கட்டடத்துக்குள் கேப் ஆப் இடம் தெரியாமல் சுற்றினால் 'லொகேஷன்' அமைப்பில் 'நெட்வொர்க் லொகேஷன்' இயக்க வேண்டும். முதலில் அது அணைந்தே இருக்கும். இ-சிம் சேர்க்கும் வசதிக்கும் தனியாக ஒரு சுவிட்ச். ஆப்கள் முதல்முறை திறக்கும்போது சற்றே தாமதிப்பது உண்மைதான். ஒவ்வொன்றையும் புதிதாகக் கிளப்புவதன் விலை அது.

வங்கி ஆப்

ஒரு ஆப் கூகுளிடம் 'இந்தப் போனை நம்பலாமா?' என்று கேட்கும் வழிதான் பிளே இன்டெக்ரிட்டி. பதில் மூன்று தரத்தில் வரும்: பேசிக், டிவைஸ், ஸ்ட்ராங். கிராஃபீன்ஓஎஸ்ஸுக்கு பேசிக் மட்டும் கிடைக்கும். பூட்லோடர் பூட்டியிருப்பதும், சில்லே அதற்குச் சாட்சி சொல்வதும், பேட்ச் புதிதாக இருப்பதும் கணக்கில் வராது. டிவைஸ் தரத்துக்கு கூகுள் சான்றளித்த மென்பொருளாக இருக்க வேண்டும். பல ஆண்டுகளாகப் பேட்ச் காணாத பழைய போன் ஒன்று அந்தத் தரத்தில் தேறிவிடும், கிராஃபீன்ஓஎஸ் தேறாது. 2025 மே மாதத்திலிருந்து ஸ்ட்ராங் தரத்துக்கு மட்டும் ஓராண்டுக்குள்ளான பேட்ச் கட்டாயம் என்றார்கள். அப்படியானால் அதற்குக் கீழே உள்ள தரம் எதை அளக்கிறது? பாதுகாப்பை அல்ல. கூகுள் உரிமம் இருக்கிறதா என்பதைத்தான்.

ஆகவே எந்த வங்கி ஆப் ஓடும் என்பது அந்த வங்கி எந்தத் தரத்தைக் கேட்கிறது என்பதைப் பொறுத்தது. நேற்று ஓடியது நாளை ஒரு அப்டேட்டில் நிற்கலாம். தட்டிப் பணம் கட்டும் கூகுள் வசதி கண்டிப்பாக நடக்காது. யுபிஐக்கு அந்தப் போனில் உள்ள சிம்மிலிருந்தே குறுஞ்செய்தி போக வேண்டும் என்பதால், வேறு போனில் வைத்துச் சமாளிக்க நினைத்தால் சிம்மும் அங்கே போக வேண்டும். வாங்குவதற்கு முன் உங்கள் வங்கியின் பெயரை, பயனர்கள் பராமரிக்கும் வங்கி ஆப் பட்டியலில் தேடிப் பாருங்கள். கைச்செலவுக்கு யுபிஐயை மட்டுமே நம்பி இருப்பவர்கள், பழைய போனை விற்காமல் வைத்துக்கொண்டு ஒரு மாதம் ஓட்டிப் பார்ப்பது உத்தமம். ஆப் உருவாக்குபவர்களுக்கு மாற்று வழி இல்லாமல் இல்லை. ஆண்ட்ராய்டிலேயே உள்ள, சில்லே சாட்சி சொல்லும் வன்பொருள் சான்று முறையில் கிராஃபீன்ஓஎஸ் சாவிகளையும் ஏற்றுக்கொண்டால் போதும். நிரல் வேலை அதிகமில்லை. வங்கிக்குள் அதற்கு ஒப்புதல் வாங்குவதுதான் பெரிய வேலை.

இந்த உரிமப் போட்டி புதிதல்ல. கஸ்டம் ரோமே வணிக ஆயுதமான வழக்கு ஒன்று இந்தியாவில்தான் நடந்தது. 2014 டிசம்பரில் ஒன்பிளஸ் ஒன் போன், சயனோஜன் என்ற கஸ்டம் ரோமோடு இங்கே விற்பனைக்கு வந்தது. அதே சயனோஜன் நிறுவனம் இந்தியாவுக்கான தனி உரிமையை மைக்ரோமேக்ஸின் யூ பிராண்டுக்கு எழுதிக் கொடுத்திருந்தது. மைக்ரோமேக்ஸ் டெல்லி உயர் நீதிமன்றம் போக, ஒன்பிளஸ் விற்பனைக்கு அந்த மாதமே தடை விழுந்து, சில நாட்களில் மேல்முறையீட்டில் விலகியது. ஒன்பிளஸ் அடுத்த ஆண்டே ஆக்சிஜன்ஓஎஸ் என்று சொந்தமாக ஒன்றைச் செய்துகொண்டது. 2016 இறுதியில் சயனோஜன் கடையை மூடியது; தன்னார்வலர்கள் எடுத்து நடத்திய கிளைதான் இன்றைய லினியேஜ்ஓஎஸ். பெரிய மீன் விஷயத்துக்கு வந்தால், ஐரோப்பிய ஆணையம் 2018-இல் கூகுளுக்கு 434 கோடி யூரோ அபராதம் விதித்தது. இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் ₹1,337.76 கோடி விதித்தது. போன் தயாரிப்பாளர்கள் ஆண்ட்ராய்டின் மாற்று வடிவங்களை விற்க விடாமல் தடுத்த ஒப்பந்தங்களும் இரண்டு வழக்கிலும் குற்றச்சாட்டாக இருந்தன. ஒப்பந்தத்தில் முடியாததை இப்போது ஒரு சரிபார்ப்புச் சேவை செய்கிறது.

மற்ற நிறுவனங்கள் பக்கம் போனாலும் ஆறுதல் இல்லை. ஹுவாவே 2018-இலேயே பூட்லோடர் திறக்கும் எண் கொடுப்பதை நிறுத்தியது. ஷாவ்மியில் விண்ணப்பித்து, அனுமதி வாங்கி, நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும். சாம்சங்கில் திறந்தால் அதன் நாக்ஸ் பாதுகாப்பு அமைப்பின் ஃபியூஸ் எரிந்து, செக்யூர் ஃபோல்டர் என்ற பூட்டிய கோப்புறை வசதி நிரந்தரமாகப் போய்விடும். சாம்சங்கின் ஒன் யூஐ 8 மென்பொருளில் திறக்கும் சுவிட்சையே எடுத்துவிட்டார்கள். கூகுளும் மாறி வருகிறது. 2025 மார்ச்சில் ஆண்ட்ராய்டு உருவாக்கத்தை முழுக்க உள்ளறைக்கு மாற்றியது. ஜூனில் ஆண்ட்ராய்டு 16 நிரலை வெளியிட்டபோது அதைப் பிக்சலில் ஓட வைக்க உதவும் சாதனக் கோப்புகளைச் சேர்க்கவில்லை. அதையும் தாங்களே கட்டியெழுப்பி அந்த மாதமே கிராஃபீன்ஓஎஸ் குழு ஆண்ட்ராய்டு 16-ஐக் கொண்டுவந்தது பாராட்டத்தக்கது, ஆனால் வேலைப்பளு கூடியிருக்கிறது. சரிபார்க்கப்படாத டெவலப்பரின் ஆப்களைச் சான்றளித்த போன்களில் கட்டுப்படுத்தும் கூகுள் திட்டமும் 2026 செப்டம்பரில் சிங்கப்பூர் உள்ளிட்ட நான்கு நாடுகளில் தொடங்குவதாக அறிவிக்கப்பட்டது. அங்குள்ள தமிழ் வாசகர்கள் கவனிக்க: சான்றளிக்கப்படாத கிராஃபீன்ஓஎஸ்ஸை அது கட்டுப்படுத்தாது. சான்று இல்லாததில் உள்ள ஒரே லாபம்.

பிக்சல் வாங்க வழியில்லாதவர்களுக்கு லினியேஜ்ஓஎஸ் பழைய போனுக்கு உயிர் கொடுக்கும். ஆனால் அநேக மாடல்களில் பூட்லோடர் திறந்தே கிடக்கும், ஃபர்ம்வேர் பேட்சும் வராது. வீட்டில் பாட்டு கேட்கவும் படிக்கவும் வைத்துக்கொள்ளலாம். பணமும் அடையாள ஆவணங்களும் உள்ள முதன்மைப் போனாக வேண்டாம்.

பிடிக்காவிட்டால் திரும்பிப் போவது சுலபம். 'ஓஇஎம் அன்லாக்கிங்'கை மறுபடி இயக்கி, பூட்லோடரைத் திறந்து, வெப் இன்ஸ்டாலர் பக்கத்தின் கடைசியில் உள்ள பொத்தானால் கிராஃபீன்ஓஎஸ் சாவியை நீக்குங்கள். பிறகு கூகுளின் ஆண்ட்ராய்டு ஃபிளாஷ் டூலில் மூல மென்பொருளை ஏற்றிப் பூட்டவும். சாவியை நீக்கும் படியைப் பலர் தவறவிடுகிறார்கள். விற்கப் போகும் போன் என்றால் பூட்டிய பிறகு ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து, மஞ்சள் எச்சரிக்கை வரவில்லை என்பதைப் பார்த்துவிட்டு பெட்டியில் போடுங்கள்.